பனியில் பிழைக்கும், மழையில் அழுகும்

பிப்ரவரி கடைசியில் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தில் மரங்கள் மொட்டையாக நிற்கும். உயர்மலை (அல்பைன்) செடிகளுக்கான டேவிஸ் அல்பைன் ஹவுஸ் என்ற கண்ணாடிக் கட்டடத்துக்குள் மட்டும் தொட்டி தொட்டியாகப் பூ. வெளியே கோட்டு இல்லாமல் நடக்க முடியாத நேரத்தில் இதைப் பார்க்கிற யாருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: உள்ளே நன்றாகச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள்.

உண்மை நேர்மாறு. 2006-இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடம் உள்ளிருப்பதைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்ளக் கட்டியது. சூடான காற்று உயரமான கூரை வழியாக வெளியேறும். தரைக்கடியில் உள்ள கான்கிரீட் சுரங்கப் பின்னலில் குளிர்ந்த காற்று செடிகளின் மேல் வீசும். வீட்டுத் தோட்டக்காரர்கள் வைத்திருக்கும் சின்ன அல்பைன் கூடமும் இதே கொள்கைதான். ஜன்னல்கள் குளிர்காலத்திலும் திறந்தே கிடக்கும். உறைபனி மிகவும் கடுமையானால் சிலர் தொட்டி உறைந்து போகாத அளவுக்கு லேசாக வெப்பம் கொடுப்பார்கள், அவ்வளவுதான். பிறகு கூரை எதற்கு? மழைக்கு.

இங்கேதான் எல்லாத் தவறான நம்பிக்கைகளின் வேரும் இருக்கிறது. உயர்மலைச் செடி என்றதும் நாம் குளிரைத்தான் நினைக்கிறோம். அதைக் குளிரிலிருந்து காப்பாற்றக் கிளம்புகிறோம். சுவிட்சர்லாந்தின் டோம் சிகரத்தில் 4,500 மீட்டருக்கு மேலே ஊதாப் பூப் பூக்கும் ஒரு சாக்சிஃப்ரேஜ் செடி வாழ்கிறது. வளரும் பருவத்தில்கூட இரவுதோறும் அது உறைகிறது. விடிந்ததும் உருகி, வேலையைப் பார்க்கிறது. அதற்குப் போர்வை போர்த்த நாம் யார்? சற்றுக் கீழே வளரும் செடிகளுக்கோ பனியே போர்வை. ஆழமாகப் படிந்த பனிக்கடியில் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். அங்கே சொட்டும் நீரும் இல்லை, வீசும் காற்றும் இல்லை. மாதக்கணக்கில் நிம்மதியான உறக்கம்.

சமவெளிக் குளிர்காலம் அப்படியல்ல. பிரிட்டனில் நவம்பரிலிருந்து மார்ச் வரை தூறல், மூட்டம், ஒருநாள் உறைபனி, மறுநாள் இளகல். இலைகளுக்கிடையே தேங்கும் நீர் காய்வதே இல்லை. சாம்பல் பூஞ்சணம் உள்ளே புகுந்துவிடும்.

டயோனிசியாவை வளர்ப்பவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். பிரிமுலாவின் உறவான இந்தச் செடி ஈரானின் ஜாக்ரோஸ் மலைகளிலும் ஆப்கானிஸ்தானிலும் செங்குத்துப் பாறை வெடிப்புகளில் வளர்வது. மேலே பாறை கவிந்திருப்பதால் பல இனங்களின் மேல் மழைத்துளியே விழாது. சில மில்லிமீட்டர் இலைகள் நெருக்கியடித்து, கவிழ்த்து வைத்த இட்லி மாதிரி உருண்டு நிற்கும். பிப்ரவரி, மார்ச்சில் இலையே தெரியாதபடி மஞ்சளோ இளஞ்சிவப்போ மூடிக்கொள்ளும். பூவாளி எடுத்து இதன் தலையில் ஊற்றினால் கதை முடிந்தது. சுட்ட மண் தொட்டியைக் கழுத்துவரை மணல் படுகையில் புதைத்துவிட்டு, மணலுக்குத்தான் தண்ணீர் விடுகிறார்கள். தொட்டியின் சுவர் வழியே வேருக்கு வேண்டிய ஈரம் கசிந்து போகும். வெளிச்சம் எல்லாப் பக்கமும் சமமாகப் படுவதற்காகத் தொட்டியை அவ்வப்போது கொஞ்சம் திருப்பி வைப்பார்கள். பூத்து ஓய்ந்ததும் வாடிய பூக்களை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். விட்டுவைத்த ஒரு வாடல் பூவிலிருந்தே அழுகல் பரவும். நூற்றுக்கணக்கான பூக்கள்! இதைப் பொழுதுபோக்கு என்று சொல்பவர்களின் பொறுமைக்கு ஒரு கும்பிடு.

ஈரம்தான் எதிரி என்று தெரிந்துகொண்டவர்களும் அடுத்த நம்பிக்கையில் விழுகிறார்கள்: தொட்டியின் அடியில் ஓட்டுச்சில்லும் ஜல்லியும் போட்டால் நீர் நன்றாக வடியும். நம்மூர் மாடித்தோட்டங்களிலும் இது வேதவாக்கு. ஆனால் நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளிகள் உள்ள ஜல்லிக்கு நீர் எளிதில் இறங்காது. மேலே உள்ள மண் முற்றிலும் நனைந்து தளும்பிய பிறகே சொட்டத் தொடங்கும். ஜல்லி அடுக்கு போட்டதால் அந்தச் சதசத மண்டலம் மேலே ஏறி வேருக்கு நெருங்கி வருகிறது என்பதுதான் நடப்பது. துளை வழியே மண் கொட்டாமலிருக்க ஒரு சில்லோ வலைத்துண்டோ போதும். சரளையை அடியில் குவிக்காமல் கலவை முழுக்கச் சேர்க்க வேண்டும். பாதிக்குப் பாதி சரளை என்பது அல்பைன் தோட்டக்காரர்களுக்குச் சாதாரணம். மேற்பரப்பில் ஒரு விரல் கனத்துக்குச் சரளை பரப்பினால் செடியின் கழுத்து காய்ந்தே இருக்கும்.

இதே காரணத்தால்தான் மண்மேட்டில் நாலு கல்லைச் செருகி வைத்தால் அல்பைன் தோட்டம் ஆகிவிடாது. யார்க்ஷரைச் சேர்ந்த தோட்டக்கலை எழுத்தாளர் ரெஜினால்ட் ஃபேரர் நூறாண்டுகளுக்கு முன்பே இத்தகைய கற்குவியல்களைக் கிழி கிழி என்று கிழித்தார். இன்று செக் நாட்டுத் தோட்டக்காரர்கள் வழிகாட்டிய முறை பரவியிருக்கிறது: தட்டைக் கற்களைச் செங்குத்தாக, நெருக்கமாக நட்டு, நடுவே உள்ள குறுகிய வெடிப்புகளில் செடி வைப்பது. வேர் ஆழத்துக்கு ஓடும், மேலே நீர் நிற்காது.

வசந்தத்தில் பூப்பதால் வசந்தத்தில் கவனித்தால் போதும் என்பது இன்னொரு நினைப்பு. மார்ச்சில் பூக்கும் மெத்தைச் சாக்சிஃப்ரேஜ்களை இலையுதிர் காலத்தில் உற்றுப் பாருங்கள். இலைச்சுருளின் நடுவே மொட்டு ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். முந்தைய கோடையில் வெயிலில் கருகியிருந்தால், தண்ணீரில்லாமல் காய்ந்திருந்தால், வசந்தத்தில் என்ன செய்தாலும் பூ வராது. எருவை அள்ளிப் போடுவதும் வீண். தழைச்சத்து மிகுந்தால் மெத்தை தளர்ந்து, கொழுத்து, அழுகலுக்கு வாகாகிவிடும்.

சொல்டனெல்லா பற்றிச் சொல்லப்படுவது கேட்க அழகானது: ஆல்ப்ஸில் தன் உடற்சூட்டால் பனியை உருக்கித் துளையிட்டு மேலே வருகிறதாம். பனி மெலிந்ததும் அதை ஊடுருவி வரும் வெயிலைக் கருத்த மொட்டும் தண்டும் உறிஞ்சிச் சூடாகின்றன, சுற்றியுள்ள பனி உருகுகிறது. சூடு பெரும்பாலும் சூரியனுடையது. உண்மையிலேயே தானாக வெப்பம் உண்டாக்கும் செடிகளும் உண்டு. அவற்றில் ஒன்று வட அமெரிக்கச் சதுப்பு நிலங்களின் ஸ்கங்க் கேபேஜ். நாற்றம் பிடிக்காதவர்கள் தோட்டத்தில் வைக்க வேண்டாம்.

‘உயர்மலைச் செடிகள் ஊட்டியில் வளருமே?’ என்று கேட்பார்கள். டிசம்பர், ஜனவரி இரவுகளில் அங்கே உறைபனி விழுவது உண்மைதான். ஆனால் பகலில் வெயில் அடிக்கும். வாரக்கணக்கான தொடர் குளிர் உறக்கம் இல்லை. போதாததற்கு இரண்டு பருவமழை. குளிரின் கடுமையை விட அதன் நீளம்தான் இந்தச் செடிகளுக்கு முக்கியம். விதையிலேயே இது தெரியும். பல ஜென்ஷியன், பிரிமுலா விதைகள் ஈரத்தோடு பல வாரங்கள் குளிரில் கிடந்தால்தான் முளைக்கும். டிசம்பரில் விதைத்துத் தொட்டியை வெளியே விட்டுவிடுவது வழக்கம். குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டிலும் வைக்கலாம், உறைபெட்டியில் அல்ல. முதல் வசந்தத்தில் முளைக்கவில்லை என்று தொட்டியைக் கவிழ்த்துவிடாதீர்கள். சில இனங்கள் இரண்டாவது குளிர்காலம் கண்ட பிறகுதான் கண் திறக்கும்.

கடைசியாக, ‘அரிய செடி என்றால் மலையிலிருந்து தோண்டி வந்ததாகத்தான் இருக்கும்’ என்ற எண்ணம். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. சிலியின் ஆண்டிஸ் மலையில், சாண்டியாகோவை ஒட்டிய பகுதியில் வளரும் டெக்கோஃபிலியா, அடர்நீலத்தில் பூக்கும் கிழங்குச் செடி. தோண்டித் தோண்டி விற்றதும் கால்நடை மேய்ச்சலும் சேர்ந்து, காட்டில் அது அற்றுப்போனதாகவே பல பத்தாண்டுகள் கருதப்பட்டது. 2001-இல்தான் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. அவ்வளவு காலமும் ஐரோப்பியத் தோட்டக்காரர்களின் தொட்டிகளில் அது ஆண்டுதோறும் மார்ச்சில் பூத்துக்கொண்டிருந்தது! காட்டில் அரிதாக இருப்பது நர்சரியிலும் அரிதாக இருக்க வேண்டியதில்லை. மேலும், பாறை வெடிப்பில் ஆழ ஓடிய வேரை அறுத்து எடுத்த செடி பெரும்பாலும் பிழைப்பதில்லை; தோண்டியவனுக்கும் லாபமில்லை, மலைக்கும் நஷ்டம். 1929-இல் தொடங்கிய பிரிட்டனின் அல்பைன் கார்டன் சொசைட்டியில் உறுப்பினர்கள் தங்கள் செடிகளின் விதைகளை ஆண்டுதோறும் பரிமாறிக்கொள்கிறார்கள். டெக்கோஃபிலியா விதையிலிருந்து பூக்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். அவ்வளவு பொறுக்காதவர்கள் கிழங்காகவே வாங்கிக்கொள்ளலாம், நர்சரியில் பெருக்கியதுதானா என்று கேட்டுவிட்டு.