படகுத் தளத்தில் தெளிப்புப் பூச்சு

ஹைலக்ஸ் போன்ற நான்கு சக்கர இயக்க வண்டிகளின் பின்புறச் சரக்குத் தொட்டியில் கறுப்பாகவும் சொரசொரப்பாகவும் ஒரு பூச்சு இருப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். இரும்புக் குழாயைத் தூக்கிப் போட்டாலும் எளிதில் கீறல் விழாது. அதே வகைப் பூச்சு சிறு படகுகளின் தளத்திலும் உட்புறத்திலும் அடிக்கப்படுகிறது. மீன் செதிளும் உப்புநீரும் கலந்து வழுக்கும் தளத்தில் கால் நிற்க வேண்டும். நங்கூரம் விழுந்தால் தளம் பெயரக்கூடாது. இவ்விரண்டுக்கும் இப்பூச்சு நல்ல விடைதான். ஆனால் எல்லாப் படகுக்கும் அல்ல. எல்லா நேரத்திலும் அல்ல.

முதலில் அதன் வேதியியலைச் சற்றுக் காண்போம். ஐந்தாம் படிவத்தில் ‘போலிமர்’ என்று படித்ததைத் தமிழில் பல்லுறுப்பி என்கிறோம். (தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசியப் பள்ளிக்குப் போன என் போன்றோருக்கு இச்சொல் பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகே கிடைத்தது.) ஐசோசயனேட்டும் பாலியாலும் சேர்ந்தால் பாலியூரித்தேன் உருவாகிறது. இவ்வழியை 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பாயரும் அவர்தம் குழுவினரும் கண்டனர். பாலியாலின் இடத்தில் அமீன் சேர்ந்தால் கிடைப்பது பாலியூரியா. இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு வேகம். பாலியூரியா சில விநாடிகளிலேயே இறுகத் தொடங்கிவிடும். ஆகவே இரு திரவங்களையும் வாளியில் கலக்கித் தூரிகையால் பூச முடியாது. இயந்திரம் அவற்றைத் தனித்தனியே ஏறத்தாழ 70 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி, ஒரு சதுர அங்குலத்திற்கு 2000 பவுண்டும் அதற்கு மேலுமான அழுத்தத்தில் தள்ளும். இரண்டும் தெளிப்புத் துப்பாக்கிக்குள் மோதிக் கலந்து, வெளியே வந்து, பட்ட இடத்திலேயே படலமாகிவிடும். சிறு பட்டறைகளில் இத்தகைய இயந்திரம் இல்லாவிட்டால், புட்டியில் கலந்து சாதாரணக் காற்றழுத்தியால் அடிக்கும் பாலியூரித்தேன் வகையைப் பயன்படுத்துவர். அது மெதுவாக இறுகும், படலமும் மெல்லியது.

நம் நாட்டில் இவ்வேலையின் உண்மையான எதிரி ஈரம். ஐசோசயனேட் தண்ணீரோடும் வினைபுரியும். அப்போது கரியமில வாயு வெளிப்பட்டுப் பூச்சுக்குள் குமிழாகத் தங்கும். பாலியூரியாவின் வேகம் இந்தத் தொல்லையைக் குறைக்கிறது. ஆனால் தளத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் இருந்தால் எந்தப் பூச்சும் ஒட்டாது. அதனால்தான் தளத்தின் வெப்பநிலை, காற்றின் பனிநிலையைவிடக் குறைந்தது 3 பாகை கூடுதலாக இருக்க வேண்டும் என்பது தொழில்விதி. விடியற்காலை 25 பாகையும் 95 விழுக்காட்டு ஈரப்பதமும் உள்ளபோது பனிநிலை ஏறத்தாழ 24 பாகை. இடைவெளி ஒரு பாகைதான், அடிக்கவே கூடாது. வெயில் ஏறி 30 பாகையாகி ஈரப்பதம் 75 விழுக்காட்டுக்கு இறங்கினால் பனிநிலை 25 பாகையளவில் நிற்கும். அப்போது இடைவெளி ஐந்து. ‘காலையில் வெயிலுக்கு முன்னே முடித்துவிடலாம்’ என்று நாம் எதற்கும் சொல்லும் வழக்கம் இங்கே பொருந்தாது. மாலை மழைக்கும் முன்னதாக முடிக்க வேண்டும் என்பதால், நமக்குக் கிடைப்பது ஒரு நாளில் சில மணி நேரமே.

தளத்தைத் தயார் செய்வதே வேலையின் பெரும்பகுதி. கண்ணாடியிழைப் படகின் மேற்பரப்பில் மெழுகு இருக்கும். முதலில் அதைக் கரைப்பானால் துடைத்தெடுத்துவிட்டுத்தான் மணல் தாளால் தேய்க்க வேண்டும். முறையை மாற்றினால் மெழுகு கீறல்களுக்குள் புகுந்துகொள்ளும். பூச்சு பிறகு தோல் போல உரிந்து வரும். அலுமினியம் என்றால் அதற்குரிய அடிப்பூச்சு தேவை. மூடிகளின் விளிம்பு, எரிபொருள் தொட்டியின் வாய், நீர் வடியும் துளைகள் ஆகியவற்றை ஒட்டுநாடாவால் மறைக்க வேண்டும். அந்த நாடாவைப் பூச்சு முழுதாக இறுகுமுன் இழுத்துவிட வேண்டும். இல்லையேல் கத்தியால்தான் அறுக்க வேண்டியிருக்கும். சொரசொரப்பு வேண்டுமானால் இறுதிச் சுற்றைச் சற்றுத் தொலைவிலிருந்து தூவினாற்போல் அடிப்பார்கள். நிறத்தில் கறுப்பைத் தவிர்ப்பது நலம். நம் நண்பகல் வெயிலில் வெறுங்காலோடு கறுப்புத் தளத்தில் நின்று பார்த்தவருக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. விலை குறைந்த அரோமாட்டிக் வகை வெயிலில் மஞ்சளித்து வெளிறும். அலிஃபாட்டிக் வகை நிறம் காக்கும், ஆனால் விலை கூடுதல்.

எடையையும் கணக்கிட வேண்டும். பத்துச் சதுர மீட்டர் தளத்தில் 2 மில்லிமீட்டர் கனத்திற்கு 20 லிட்டர் பூச்சு தங்கும். அதன் அடர்த்தி தண்ணீரைவிடச் சற்றே அதிகம் என்பதால் படகில் 20 கிலோவுக்கு மேல் நிரந்தரமாக ஏறிவிடுகிறது.

மரப்படகில்தான் நான் மாறுபடுகிறேன். திரெங்கானு டுயோங் தீவின் தச்சர்கள் செங்கால் மரத்தில் படகு கட்டுவோர். பலகைகளுக்கு இடையே கெலாம் மரப்பட்டையை வைத்து அடைப்பர். அத்தகைய படகின் மரம் நீரில் ஊதும், கரையில் சுருங்கும். அதன் மேல் தடித்த, நீர் புகாத போர்வையைப் போட்டால், அடியிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லை. மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சணம் பொதுவாகப் பற்றாது. அடைபட்ட ஈரம் அந்த எல்லையைத் தாண்டச் செய்யும். மேலே பளபளப்பாக இருக்கும் தளம் உள்ளே மாவாகிக்கொண்டிருக்கும். விற்பனைக்கு வரும் பழைய படகில் புதுப்பூச்சைக் கண்டால், தட்டிப் பார்த்து, ஈரமானியை அடிப்பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

இனி உட்புறம். 1984 டிசம்பரில் போபாலில் கசிந்தது மெத்தில் ஐசோசயனேட். இப்பூச்சில் உள்ள எம்.டி.ஐ. அதே குடும்பம், ஆனால் அதுபோல எளிதில் ஆவியாகாது. துப்பாக்கியோ அதைச் சூடாக்கி நுண்துளியாக்கிக் காற்றில் மிதக்கவிடுகிறது. திறந்த தளத்தில் காற்று கொண்டுபோய்விடும். குனிந்து நுழையும் படகறையில் அடிப்பவர் அதற்குள்ளேயே மூச்சுவிடுகிறார். இதற்கு எச்சரிக்கும் வாடையும் கிடையாது. ஒருமுறை உடல் ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே ஆஸ்துமாவைத் தூண்டும். அவர் அத்தொழிலையே விட நேரும். எனவே உட்புறம் அடிப்பவருக்கு வெளியிலிருந்து குழாய்வழி நல்ல காற்று தரும் முகக்கவசம் வேண்டும். துணி முகமூடி போதாது. வெளியே ஒருவர் காவல் நிற்க வேண்டும். உடல்நலத்திற்குக் கேடான இரசாயனங்கள் பற்றிய 2000-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, இந்த ஆபத்தை மதிப்பிட்டுத் தொழிலாளரைக் காப்பது முதலாளியின் கடமை. பட்டறையில் விலை கேட்கும்போதே, ‘உள்ளே அடிப்பவருக்குக் காற்று எங்கிருந்து வருகிறது?’ என்றும் கேளுங்கள். சரியான பதில் கிடைக்காவிட்டால், தளத்தை மட்டும் தெளிக்கச் சொல்லிவிட்டு, உட்புறத்திற்கு உருளையால் பூசும் சாதாரணப் படகுச் சாயத்தை எடுத்துக்கொள்ளலாம். அங்கே நங்கூரம் விழப்போவதில்லை.