மிளகாய்க் கன்றுக்கு எந்தப் பை? வேருக்குக் காற்றுப்படும் சாடிகளைத் தெரிவு செய்தல்

வளவு இன்னும் முழுதாகத் துப்புரவாகவில்லை. கிணறு இறைத்து முடியவில்லை. வீட்டின் அத்திவாரம் எந்தப் பக்கம் வரும் என்பதும் தீர்மானமாகவில்லை. ஆனால் கறிக்கு மிளகாய் நாளாந்தம் வேண்டும். இந்த நிலையில் நிலத்தில் பாத்தி கட்டுவதைவிடத் தறப்பாள் கொட்டிலின் பக்கத்தில் பத்துப் பைகளில் மிளகாய் வைப்பதே நல்லது என்பது எமது கருத்து. வீட்டு வேலை தொடங்கும்போது பையோடு தூக்கி வேறிடத்தில் வைத்துவிடலாம். பத்துக் கன்றும் நன்றாக நின்றால் ஒரு குடும்பத்தின் பச்சை மிளகாய்த் தேவையில் பெரும்பகுதி தீரும். செத்தலுக்கும் விற்பனைக்கும் இது போதாது.

மிளகாய் வைக்கப் பெரும்பாலும் கையில் அகப்படும் பிளாஸ்டிக் வாளியையே எடுக்கிறோம். வாளியின் சுவர் வழுவழுப்பானது, காற்றுப் புகாது. வேர் வளர்ந்து சுவரில் முட்டியதும் திரும்பி, சுவரைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. சில மாதங்களில் சுவர் ஓரமாக வேர் கயிற்றுச் சுருள்போலத் திரண்டுவிடும். நடுவிலுள்ள மண்ணில் வேர் குறைவாக இருக்கும். ஊற்றும் தண்ணீரோ மண்ணுக்குள் ஊறாமல் ஓரத்தால் வழிந்து அடியால் போய்விடும். காலையில் தண்ணீர் விட்ட கன்று மத்தியானம் வாடி நிற்பதற்கும் பூ உதிர்வதற்கும் இது ஒரு காரணம். அப்படிச் சுருண்ட வேருடன் கன்றைப் பிறகு நிலத்தில் நட்டாலும், வேர் எளிதில் விரிந்து ஓடாது.

சுவரில் காற்றுப் புகுந்தால் நடப்பது வேறு. வேரின் நுனி சுவரை அடைந்து காற்றுப் பட்டதும் காய்ந்து நின்றுவிடுகிறது. நுனி நின்றதும் அதன் பின்புறத்திலிருந்து கிளை வேர்கள் புறப்படுகின்றன. அவையும் சுவரை அடைந்து நிற்க, மேலும் கிளைக்கும். இப்படிப் பையிலுள்ள மண் முழுவதும் மெல்லிய வேர்களால் நிறைகிறது. கத்தி எதுவும் வேண்டாம், காற்றே வேரைக் கத்தரித்துவிடுகிறது. இதற்கென்றே செய்த துணிப்பைகளும் துளைச்சாடிகளும் சந்தையில் உண்டு. நீங்கள் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

உங்களிடம் இருப்பவற்றுள் முதலில் எடுக்க வேண்டியது நெய்த உரப்பை, அல்லது நிவாரண அரிசி, மா வந்த நெய்த பை. யூரியாப் பையினுள் மெல்லிய பொலித்தீன் உறை இருந்தால் அதை உருவி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவும் வாளிதான். பையை நன்றாகக் கழுவிக் காயவிட்டு, வாயை வெளிப்புறமாக மடித்து, ஓர் அடி உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். 50 கிலோ பையில் இரண்டு கன்றும் 10 கிலோ அரிசிப் பையில் ஒரு கன்றும் வைக்கலாம். சணல் சாக்கும் நல்லதுதான், ஆனால் ஈரத்தில் விரைவாக உக்கிவிடும். வாளி மட்டுமே உள்ளதென்றால், சூடாக்கிய ஆணியால் பக்கச் சுவரில் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகச் சுற்றிவரத் துளையிடுங்கள். அடியில் மட்டும் துளையிட்டால் தண்ணீர் வடியுமே தவிர, வேர் சுற்றுவது நிற்காது. பூச்சிமருந்து இருந்த கலன்களை எவ்வளவு கழுவினாலும் பாவிக்க வேண்டாம்.

இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். வளவிலோ பற்றைக்குள்ளோ கிடக்கும் இரும்புப் பெட்டி, எறிகணைக் கோது, குழாய் எதையும் சாடியாக்க எண்ணி எடுக்காதீர்கள், தொடவும் வேண்டாம். வெறுமையாகத் தோன்றுவது வெறுமையாக இருக்க வேண்டுமென்றில்லை. பைக்கு மண் எடுப்பதிலும் இதே கவனம் வேண்டும். பதுங்குகுழி ஓரத்து மண்ணும் மண் அணைகளும் பொலபொலவென்று இருப்பதால் வெட்டி அள்ள மனம் வரும். அங்கே மண்வெட்டி போடாதீர்கள். மிதிவெடி அகற்றி உங்களிடம் கையளிக்கப்பட்ட இடத்தில் மட்டும் மண் எடுங்கள். பிள்ளைகளை மண் அள்ள அனுப்ப வேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் வந்த வழியே திரும்பிச் சென்று, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

மேல்மண் இரண்டு பங்கு, உக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் அல்லது உமிக்கரி ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். தும்புத்தூளில் உப்பு இருக்கக்கூடும் என்பதால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் கழுவுங்கள். பச்சைச் சாணம் வேரை எரித்துவிடும்.

பையை நிலத்தில் வைக்காதீர்கள். இரண்டு கல்லின் மேல் தடிகளைப் பரப்பி அதன்மேல் வையுங்கள். நிலத்தில் வைத்த பையின் அடியால் வேர் மண்ணுக்குள் இறங்கிவிடும், தூக்கும் அன்று அறுந்துபோகும். அடியில் காற்று ஓடினால் அங்கேயும் வேர் நுனி நிற்கும். ஒரு பைக்கும் அடுத்த பைக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

காற்றுப் புகும் பைக்கு ஒரு குறை உண்டு: விரைவாகக் காய்ந்துவிடும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் காலையும் மாலையும் தண்ணீர் விடவேண்டி வரும். அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றலாம், சவர்க்காரத் தண்ணீர் வேண்டாம். மேலே காய்ந்த வைக்கோல் அல்லது சருகு பரப்பினால் ஈரம் நிற்கும். பின்னேர வெயில் பைச்சுவரில் நேரே அடிக்காதபடி ஒரு கிடுகைச் சாத்தி வையுங்கள். தண்ணீரைத் தூரத்திலிருந்து சுமக்கும் குடும்பமானால் பத்துப் பையை ஐந்தாகக் குறையுங்கள். வாடிய பத்துக் கன்றைவிடச் செழித்த ஐந்து கன்று அதிகம் காய்க்கும்.

விதைக்குக் கமநல சேவை நிலையத்தில் எம்.ஐ. 2, கே.ஏ. 2 போன்ற இனங்களைக் கேளுங்கள். இவற்றில் நோயில்லாத செடியின் பழுத்த பழத்திலிருந்து அடுத்த முறைக்கு நீங்களே விதை எடுக்கலாம். நாற்றையும் அடியில் துளையிட்ட யோகட் கோப்பைகளில், தடிகளின் மேல் உயர்த்தி வளருங்கள். நான்கு முதல் ஆறு கிழமைக்குள் பைக்கு மாற்றிவிட வேண்டும்.

நெய்த பை வெயிலில் நெடுங்காலம் நிற்காது. ஒரு போகம் முடியும்போது நூல் நூலாகப் பிரியத் தொடங்கும். அப்போது கன்றைப் பிடுங்காமல், அந்தப் பையை அப்படியே இன்னொரு நெய்த பைக்குள் இறக்கிவிடுங்கள். உதிர்ந்த நூல்களைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள், ஆடு மாடு தின்றுவிடும்.