கனமான வண்டிதான் காப்பாற்றுமா?

கேள்வி: ஐயா, நாமக்கல்லில் மளிகைக் கடை நடத்துகிறேன். அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு வெளியூர் போய்வர ஒரு கார் வாங்க வேண்டும். கொல்லிமலைக்கும் அடிக்கடி போவோம். என் மாமனார் 2013 மாடல் பெரிய எஸ்யூவி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். “மாப்ளே, கனமான வண்டிதான் ஆளைக் காப்பாத்தும். இப்ப வர்றதெல்லாம் டப்பா. விரலால அழுத்தினாலே தகடு உள்ளே போகுது” என்கிறார். அதே விலைக்குப் புதிய சிறிய செடான் கிடைக்கிறது. எடை குறைந்த கார் உண்மையிலேயே ஆபத்தானதா?
– வாசகர், நாமக்கல்

பதில்: உங்கள் மாமனார் சொல்வதில் உண்மை இருக்கிறது. அது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

முதலில் அவர் பக்கத்து நியாயம். 900 கிலோ காரும் 1,800 கிலோ காரும் தலா 50 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர் மோதுவதாக வைத்துக்கொள்வோம். சிறிய கார் அங்கேயே நிற்காது, பின்னோக்கித் தள்ளப்படும். கண்ணிமைக்கும் நேரத்தில் அதன் வேகம் சுமார் 67 கி.மீ. அளவுக்கு மாறிவிடும். பெரிய காருக்கு அந்த மாற்றம் 33 கி.மீ. மட்டுமே. உள்ளே இருப்பவரின் நெஞ்சும் கழுத்தும் தாங்க வேண்டியது இந்த மாற்றத்தைத்தான். 2009-ல் அமெரிக்காவின் ஐஐஎச்எஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு இதைச் செய்தே காட்டியது. தடுப்பில் மோதும் சோதனையில் நல்ல மதிப்பு வாங்கியிருந்த ஸ்மார்ட் ஃபோர்டூ என்ற குட்டிக் காரை, மெர்சிடிஸ் சி-கிளாஸோடு மோதவிட்டார்கள். குட்டிக் காரின் நிலை மோசமானது. ஆகவே மோதல் சோதனையில் கார்களுக்குக் கிடைக்கும் நட்சத்திரங்களை ஏறக்குறைய ஒரே எடையுள்ள கார்களுக்கு இடையில்தான் ஒப்பிட வேண்டும்.

ஆனால் நீங்கள் லாரிகளின் ஊரில் இருப்பவர். உங்கள் நெடுஞ்சாலையில் எதிரே வருவது எப்போதும் இன்னொரு கார் அல்ல. 15 டன் லாரி ஒன்று வருவதாக வைத்து அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். 900 கிலோ காரின் வேகம் 94 கி.மீ. அளவுக்கு மாறும், 1,800 கிலோ காரின் வேகம் 89 கி.மீ. அளவுக்கு மாறும். இரண்டு மடங்கு எடையைச் சுமந்ததற்குக் கிடைத்த ஆதாயம் ஐந்தே கி.மீ. அந்த வேகத்தில் இரண்டு காரில் இருப்பவர்களும் பிழைப்பது கடினம். மோதியது சாலையோரப் புளியமரம் என்றாலோ எடையால் ஆதாயமே இல்லை. எடைக்கு ஏற்ற ஆற்றலோடு வந்து மோதி, அத்தனையையும் தன் முன்பக்கத்தை நசுக்கித்தான் கனமான வண்டி தீர்க்க வேண்டும்.

எனவே எடையைவிட முக்கியமான கேள்வி, வண்டி எப்படி நசுங்குகிறது என்பது. முன்பக்கம் படிப்படியாக மடங்கி மோதலை வாங்கிக்கொள்ள வேண்டும். ஆட்கள் உட்காரும் கூண்டு மட்டும் அசையக் கூடாது. 1959 செவ்ரோலே பெல் ஏர் காரையும் 2009 செவ்ரோலே மாலிபு காரையும் அதே ஐஐஎச்எஸ் நேருக்கு நேர் மோதவிட்டது. எடையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பார்ப்பதற்குக் கெட்டி இரும்பாகத் தெரிந்த பழைய காரின் கூண்டு நொறுங்கியது, ஓட்டுநர் இடத்தில் ஆள் இருந்திருந்தால் இறந்திருப்பார். மாலிபுவில் இருந்த பொம்மைக்குக் காலில் சிறு காயம் வரும் அளவுக்குத்தான் அடி. அந்த வீடியோ இணையத்தில் கிடைக்கிறது, மாமனாரோடு உட்கார்ந்து பாருங்கள்.

நம் நாட்டிலும் சான்று உண்டு. 2016-ல் குளோபல் என்சிஏபி என்ற மோதல் சோதனை அமைப்பு சோதித்த, காற்றுப்பை இல்லாத மஹிந்திரா ஸ்கார்பியோ ஒன்றரை டன்னுக்கும் மேல் எடையுள்ளது. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் அதற்குக் கிடைத்தது பூஜ்ய நட்சத்திரம். அதே மஹிந்திராவின் ஸ்கார்பியோ-என் 2022-ல் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. பெட்ரோல் மாருதி டிசையரின் எடை ஒரு டன்னுக்கும் குறைவு, 2024-ல் அதுவும் ஐந்து வாங்கிவிட்டது. இரண்டுக்கும் அதை வாங்கித் தந்தது வடிவமைப்பும், உயர்வலு எஃகும், காற்றுப்பைகளும்.

விரலால் அழுத்திப் பார்ப்பதை விட்டுவிடச் சொல்லுங்கள். நீங்கள் அழுத்துவது வெளித் தகட்டை. மோதலைத் தாங்குவது அதற்கு உள்ளே, கதவுக்குள்ளும் தூண்களிலும் தரைக்கடியிலும் இருக்கும் சட்டகம். கதவைச் சாத்தும்போது வரும் ‘டொம்’ சத்தமும் அப்படித்தான். பீடிங்கையும் பூட்டையும் சரியாக அமைத்தால் எந்தக் காரிலும் அந்தச் சத்தத்தைக் கொண்டுவரலாம்.

இனி மலைப்பாதை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் எடை உங்களோடு பேசும். ஐந்து பேரும் மூட்டைகளும் சேர்ந்தால் 400 கிலோ ஆகிவிடும். 900 கிலோ காருக்கு அது 44 சதவீதக் கூடுதல் சுமை, 1,800 கிலோ வண்டிக்கு 22 சதவீதம்தான். சிறிய கார் ஏற்றத்தில் திணறுவதாகத் தோன்றுவது இதனால்தான். ஏசியை நிறுத்திவிட்டு, கியரை முன்கூட்டியே குறைத்தால் ஏறிவிடும். வளைவுகளில் சிறிய கார்தான் மேல். டயரின் மேல் பாரம் கூடினால் பிடிப்பும் கூடும், ஆனால் பாரம் கூடிய அளவுக்குக் கூடாது. அதனால் கனமான வண்டி வளைவில் சீக்கிரம் வெளிப்பக்கம் இழுக்கும். அது உயரமான வண்டியாகவும் இருந்தால் ஒரு பக்கம் சாயும், கவிழும் வாய்ப்பும் கூடுதல். இந்தக் காரணத்தால் எந்தக் காரிலும் கூரைமேல் மூட்டை கட்டாதீர்கள். இறக்கத்தில் பிரேக் சூடாவதும் எடையைப் பொறுத்தது. ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எடை கால் பங்கு கூடினால் மோதலின் ஆற்றலும் கால் பங்கு கூடும். வேகம் 80-லிருந்து 100 ஆனால், அதுவும் கால் பங்குதான், ஆற்றல் 56 சதவீதம் கூடிவிடுகிறது. பெரிய வண்டி தரும் தைரியத்தில் காலை அழுத்துகிறவர் எடையால் கிடைத்ததை அங்கேயே இழக்கிறார்.

ஆக, அந்த 2013 எஸ்யூவி வேண்டாம். முன்பக்க மோதல் சோதனை நம் நாட்டில் கட்டாயமானதே 2017 அக்டோபரில், அதுவும் முதலில் புது மாடல்களுக்கு மட்டும். எல்லாப் புதிய கார்களிலும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலில். முன்பக்கம் இரண்டு காற்றுப்பைகள் 2022 தொடக்கத்தில்தான் கட்டாயமாயின. மாமனார் பார்த்த வண்டியில் இவற்றில் எது இருக்கிறது, எது இல்லை என்று கேட்டுப் பாருங்கள். செடானை வாங்குங்கள், ஆனால் பாரத் என்சிஏபி அல்லது குளோபல் என்சிஏபி நட்சத்திரத்தையும், சறுக்கலைத் தடுக்கும் இஎஸ்சியையும், பின்சீட்டின் நடு இடத்துக்கும் தோள்பட்டை பெல்ட் இருக்கிறதா என்பதையும் பார்த்து வாங்குங்கள். முழுக் குடும்பமும் ஏறும் நாளில், கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டவணையில் ‘முழுச் சுமை’க்கு என்று போட்டிருக்கும் அளவுக்குக் காற்றடியுங்கள்.

2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி விபத்தில் இறந்தது கனமான, விலையுயர்ந்த மெர்சிடிஸின் பின்சீட்டில். அவர் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று காவல்துறை சொன்னது. உங்கள் அம்மா எந்தக் காரில் உட்கார்ந்தாலும், அவருக்குப் பெல்ட்டை மாட்டிவிட்ட பிறகே சாவியைத் திருப்புங்கள்.