விக்டோரியா தினம் வரட்டும், பிறகு நடலாம்

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் ஏஜக்ஸிலும் புதிதாக வீடு வாங்கி, பின்வளவில் நாலு கன்று வைக்க ஆசைப்படும் பிள்ளைகள் நிறையப் பேர். பெப்ரவரி கடைசியிலேயே தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிடும். “அன்ரி, கத்தரி விதை எப்ப போடுறது?” ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் நோகிறது, ஆகவே எழுதியே வைக்கிறேன். யாழ்ப்பாணத்தில் தோட்டம் செய்த வீட்டுப் பிள்ளைகள்தான் இங்கே கூடுதலாக இடறுகிறார்கள். ஊர்க் கணக்கு கையில் இருப்பதால் வரும் வினை. அங்கே மழையைப் பார்த்துப் போட்டோம். இங்கே இரவுக் குளிரைப் பார்த்துப் போடவேண்டும். பகல் வெயில் என்ன சொன்னாலும் நம்பாதீர்கள்.

1. நாட்காட்டியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். ரொறன்ரோவில் கடைசி உறைபனி பெரும்பாலும் மே முதற்பாதியோடு போய்விடும். சில வருடம் அதைத் தாண்டியும் ஓர் இரவு வந்து, நட்டதை எல்லாம் கருக்கிவிட்டுப் போகும். அதனால்தான் இந்த ஊர்த் தோட்டக்காரர் விக்டோரியா தினத்தை எல்லையாக வைத்திருக்கிறார்கள். மே 25க்கு முன் வரும் திங்கட்கிழமை அது. 18க்கும் 24க்கும் இடையில் விழும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் மிளகாய்க்கும் கத்தரிக்கும் 8 முதல் 10 கிழமை, தக்காளிக்கு 6 முதல் 8 கிழமை, பாகல், புடோல், பீர்க்கு, சுரைக்கு 3 அல்லது 4 கிழமை. மார்ச் நடுவில் மிளகாயும் கத்தரியும், ஏப்ரல் தொடக்கத்தில் தக்காளி, ஏப்ரல் முடிவில் கொடிவகை என்று வைத்துக்கொள்ளுங்கள். பயற்றையை வீட்டுக்குள் முளைக்கவைக்கவே வேண்டாம். யூன் பிறந்து மண் சூடேறியபின் நேரே நிலத்தில் ஊன்றினால் சில நாளில் தலையைக் காட்டும்.

2. பெப்ரவரியில் தக்காளி போடாதீர்கள். மே மாதத்துக்குள் அது சாளர உயரத்துக்கு வளர்ந்து, சின்னச் சட்டிக்குள் வேர் சுருண்டு, பூவும் விட்டு நிற்கும். நிலத்துக்குப் போனபின் பிடிக்க நாளெடுக்கும். ஒரு சாண் உயரத்தில், தண்டு பென்சில் பருமனில், கரும்பச்சையாக நிற்கும் கன்றுதான் நல்ல கன்று. உயரத்தைப் பார்த்து மகிழவேண்டாம்.

3. விதை விஷயம் கொஞ்சம் பேசவேண்டும். பழைய விதை அலுமாரியில் கிடந்தால் பத்து விதையை ஈரக் கடதாசித் துவாயில் மடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, சூடான இடத்தில் வையுங்கள். ஐந்துக்குக் குறைவாக முளைத்தால் புதிது வாங்குங்கள். தக்காளி விதை நாலைந்து வருடம் தாங்கும். வெங்காய விதையை அடுத்த வருடத்துக்கு நம்பமுடியாது.

ஊரிலிருந்து விதை கொண்டுவருகிறவர்கள் விமானநிலையத்தில் அதை அறிவிக்கவேண்டும். ஒளித்துக் கொண்டுவந்து அபராதம் கட்டுவதில் ஒரு பெருமையும் இல்லை. அப்படி முறையாகக் கொண்டுவந்த தின்னவேலிக் கத்தரி இங்கே நன்றாகவே காய்க்கும். ஆனால் எல்லா ஊர் விதையும் அப்படியல்ல. அவரையையும் சிறகவரையையும் பாருங்கள். இவை பகல் குறுகும்போது பூக்கிற சாதி. யாழ்ப்பாணத்தில் பகல் வருடம் முழுக்க ஏறக்குறைய 12 மணி நேரம். ரொறன்ரோவிலோ யூனில் 15 மணி நேரத்தைத் தாண்டும். கொடி வேலியேறிக் கூரையேறிப் பச்சைப்பசேலென்று நிற்கும், பூ மட்டும் வராது. செப்டெம்பரில் பூக்கத் தொடங்கும், ஒக்டோபரில் உறைபனி வந்து முடித்துவிடும். பசளை போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் போடுகிறார்கள். பசளைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பகல் நீளத்தைப் பாராமல் பூக்கும் அவரை வகைகளும் உண்டு. அவரை வேண்டுமென்றால் அப்படிப்பட்ட விதையைக் கேட்டு வாங்குங்கள்.

4. வளவு மண்ணை அள்ளிக் கிண்ணத்தில் போட்டு விதைக்காதீர்கள். ஊரில் நாற்றுமேடை போடும்போது மேலே வைக்கோலும் உமியும் பரப்பி எரித்தது சும்மா இல்லை. மண்ணிலிருக்கும் பூஞ்சணத்தைச் சுட்டுக் கொல்லத்தான். இங்கே பின்வளவில் நெருப்பு மூட்ட முடியாது, தீயணைப்பு வண்டி வந்து நிற்கும். கடையில் விதை முளைக்கவைப்பதற்கென்றே விற்கும் மண்கலவையை வாங்குங்கள். கிண்ணத்துக்குக் காசு கொடுக்கவேண்டாம். தயிர்க் கிண்ணம், கோப்பிக் குவளை எதுவும் போதும். அடியில் துளை மட்டும் வேண்டும்.

5. முளைக்கச் சூடு வேண்டும், வெளிச்சம் அல்ல. மிளகாயும் கத்தரியும் 25 முதல் 30 பாகைச் சூட்டில் பத்து நாளுக்குள் முளைக்கும். மார்ச் மாதத்துப் பேஸ்மென்ட் குளிரில் மூன்று கிழமை கிடந்து, பாதி அழுகியும் போகும். கன்றுகளுக்கென்று விற்கும் சூட்டுப் பாய் ஒன்று வாங்கினால் பல வருடம் பாவிக்கலாம். முளை கண்டதும் பாயை எடுத்துவிடுங்கள்.

6. முளைத்த அன்றே வெளிச்சம். இதில்தான் முக்கால்வாசிப் பேர் தவறுகிறார்கள். தெற்குப் பார்த்த சாளரம் எங்கள் கண்ணுக்குப் பிரகாசமாக இருக்கும். கன்றுக்கு அது காணாது. வெளிச்சத்தைத் தேடி நீண்டு, வெளிறி, கண்ணாடிப் பக்கம் சாய்ந்து கிடக்கும். ஒரு எல்இடி விளக்கை வாங்கி, கன்றின் நுனிக்கு மேலே ஒரு சாண் இடைவெளியில் தொங்கவிடுங்கள். பழைய குழல்விளக்கு என்றால் நாலு விரல் இடைவெளி. கன்று வளர வளர விளக்கும் உயரவேண்டும். நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம். இரவில் அணைத்துவிடுங்கள், அவைக்கும் இருட்டு வேண்டும்.

7. தண்ணீர் ஊற்றிக் கொல்வதுதான் வழக்கம். காயவிட்டுக் கொன்றவரை நான் அதிகம் கண்டதில்லை. நேற்றுவரை நன்றாக நின்ற நாற்று காலையில் பார்த்தால் அப்படியே படுத்துக் கிடக்கும். இலை வாடியிருக்காது, பச்சையாகவே இருக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் தண்டு மண்ணைத் தொடுகிற இடத்தில் மட்டும் நூல்போல ஒடுங்கிப் பழுப்பாகியிருக்கும். அதுதான் நாற்றழுகல். ஒன்றில் கண்டால் பக்கத்துக் கிண்ணத்துக்கும் பரவும். மருந்து தேடி ஓடவேண்டாம், விழுந்தது பிழைக்காது. அந்தக் கிண்ணத்தை மண்ணோடு எறியுங்கள். வராமல் காப்பதுதான் வழி. தட்டில் தண்ணீர் விட்டு அடியிலிருந்து உறிஞ்சவிடுங்கள், அரை மணி கழித்து மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். மேல்மண் வெளிறிய பிறகே மறுபடி தண்ணீர். கிண்ணத்தைப் பிளாஸ்டிக்கால் மூடியிருந்தால், முளைத்ததும் கழற்றுங்கள். சின்ன மின்விசிறி ஒன்றை மெதுவாகச் சுற்றவிட்டால் ஈரமும் நிற்காது, காற்றில் ஆடி ஆடித் தண்டும் தடிக்கும்.

8. முதலில் வரும் இரண்டு இலை வித்திலை. அதன் பிறகு வருவதுதான் சொந்த இலை; தக்காளியில் அது வெட்டுவெட்டாக இருக்கும், கண்டதும் தெரியும். சொந்த இலை ஒரு சோடி வந்ததும் ஒவ்வொன்றாகப் பிரித்துத் தனிக் குவளைக்கு மாற்றுங்கள். கரண்டிக் காம்பால் அடியிலிருந்து கிண்டி, வித்திலையைப் பிடித்துத் தூக்கவேண்டும். தண்டைப் பிடிக்கக்கூடாது. இலை கிழிந்தால் இன்னொன்று வரும், தண்டு நசுங்கினால் கதை முடிந்தது. விதை முளைக்கும் கலவையில் சத்து அவ்வளவாக இருக்காது. ஆகவே இந்தக் கட்டத்திலிருந்து கிழமைக்கு ஒருதரம் மீன் பசளையைப் போத்தலில் எழுதியிருப்பதில் பாதி அளவு கரைத்து விடுங்கள். பேஸ்மென்ட் இரண்டு நாள் கருவாட்டுக் கடைபோல மணக்கும். வீட்டுக்காரரைச் சமாளிப்பது உங்கள் பாடு.

9. பாகல், புடோல் விதையின் தோல் தடிப்பு. நுனியை நகவெட்டியால் மெல்லக் கிள்ளி, ஓர் இரவு வெந்நீரல்லாத இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்துப் போடுங்கள். கொடிவகைக்கு வேரைத் தொட்டால் பிடிக்காது. அதனால் அவற்றைப் பிரித்து நடும் வேலையே வேண்டாம்; குவளைக்கு ஒரு விதை, பிறகு மண்கட்டி குலையாமல் அப்படியே நிலத்துக்கு.

10. இனி வருவதுதான் இந்த நாட்டுக்கே உரிய வேலை. ஊரில் நாற்றைப் பிடுங்கிப் பின்னேரம் நட்டு, கிடுகு சாத்தி நிழல் கொடுத்தால் போதும். அது பிறந்ததே வெயிலிலும் காற்றிலும்தான். இங்கே உங்கள் கன்று பேஸ்மென்டில் பிறந்த பிள்ளை. சூரியனை ஒருநாளும் கண்டதில்லை. நேரே வெளியே வைத்தால் அன்று பின்னேரமே இலை வெள்ளைக் கடதாசிபோல வெளிறிச் சுருளும். நோய் என்று நினைத்துப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். வெறும் வெயில் சுட்டதுதான்.

ஆகவே 7 முதல் 10 நாள் பழக்குங்கள். முதல்நாள் நிழலில், காற்றுப் படாத மூலையில் ஒரு மணி நேரம். அடுத்த நாள் இரண்டு. பிறகு காலை வெயில் கொஞ்சம், பிறகு மத்தியானம். பின்னேரம் உள்ளே எடுங்கள். கடைசி இரண்டு மூன்று நாள், குளிர் இல்லையென்றால், இரவும் வெளியே கிடக்கட்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது கரைச்சல்தான். சனி, ஞாயிறில் தொடங்கி, மற்ற நாளில் வீட்டின் வடக்குப் பக்க நிழலில் விட்டுவிட்டுப் போங்கள். தண்ணீர் மட்டும் காலையில் பார்த்து ஊற்றவேண்டும். சின்னக் குவளை காற்றில் சீக்கிரம் காயும்.

11. நடும் நாளை முடிவு செய்வது இரவு. ஏப்ரலில் ஒருநாள் 20 பாகை காட்டும், அயல் முழுக்கக் காற்சட்டையோடு திரியும், உங்களுக்கும் கை துருதுருக்கும். அடுத்த கிழமை பனி கொட்டும். வானிலைச் செய்தியில் இரவு வெப்பநிலையை மட்டும் பாருங்கள். தக்காளிக்கு இரவு 10 பாகைக்குக் கீழே இறங்கக்கூடாது. மிளகாய்க்கும் கத்தரிக்கும் குறைந்தது 13 வேண்டும். உறைபனி இல்லாவிட்டாலும் அந்தக் குளிரில் அவை சாகாமல், வளராமல், அப்படியே விறைத்து நிற்கும். விக்டோரியா தினம் தக்காளிக்குச் சரி; கத்தரிக்கு அதற்கும் பிறகு யூன் முதற்கிழமைவரை பொறுத்தாலும் நட்டமில்லை. குளிர் மண்ணில் மே 10இல் நட்டதை, சூடான மண்ணில் யூன் 5இல் நட்டது யூலைக்குள் பிடித்துவிடும்.

12. எங்கள் பக்கத்து வளவுகள் பலவற்றில் களிமண். ஈரமாக இருக்கும்போது கொத்தினால் காய்ந்தபின் செங்கல்லாகும். ஒரு பிடி அள்ளி அமுக்கிப் பாருங்கள். விரலால் தட்டினால் உதிரவேண்டும். உதிராவிட்டால் மண்வெட்டியைத் திரும்பக் கொண்டுபோய் வையுங்கள். நன்றாக மக்கிய எரு கலந்து பாத்தியை உயர்த்துங்கள். பக்கத்து வளவில் கருப்பு வால்நட் மரம் நின்றால் அதன் வேர் ஓடும் பக்கம் தக்காளி வேண்டாம். அந்த வேர் விடும் நஞ்சில் தக்காளி நின்றநிலையில் வாடும்.

13. நடும்போது தக்காளியின் அடியிலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டில் பாதிக்கு மேல் புதையுங்கள். புதைந்த தண்டு முழுக்க வேர்விடும். கத்தரியையும் மிளகாயையும் குவளையில் நின்ற ஆழத்திலேயே நடுங்கள். பின்னேரத்தில், அல்லது மந்தாரமான நாளில். தக்காளிக்கு இரண்டடி இடைவெளி. இப்போது அகலமாகத் தெரியும், ஓகஸ்ட்டில் நடக்க வழியிருக்காது. கம்பையும் அன்றே ஊன்றிவிடுங்கள், பிறகு ஊன்றினால் வேர் அறும்.

14. நட்ட மறுநாள் கன்று மண்மட்டத்தில் வெட்டி விழுத்தியிருந்தால் அது வெட்டுப்புழு. கடதாசிக் குவளையின் அடியை வெட்டி வளையமாகத் தண்டைச் சுற்றி ஊன்றினால் வராது. கத்தரி இலையில் ஊசியால் குத்தியதுபோலப் பொட்டுப் பொட்டாகத் துளை தெரிந்தால் தெள்ளு வண்டு. கிட்டப் போனால் தெறித்துப் பாயும். நட்ட அன்றே மெல்லிய வலையால் மூடி, பூக்கத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள். புதிதாகக் கொத்திய மண்ணை அணில் கிளறாமல் விடாது. கோழிவலைத் துண்டு ஒன்றைப் படுக்கப்போடுங்கள்.

15. கன்று மிஞ்சும். ஆறு விதை போதுமென்றால் எல்லாரும் இருபது போடுவோம். குப்பைக்குள் கொட்டாதீர்கள், மே கடைசியில் கன்று கேட்டு அலைகிறவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். கொடுக்கும்போது குவளையில் பெயரை அழியாத மையால் எழுதிக் கொடுங்கள். கறிமிளகாய் என்று வாங்கிப்போனவர் கொச்சி மிளகாயைக் கடித்தால் உங்களைத்தான் தேடி வருவார்.