பல்லாவரத்துக் கருங்கல்

என் தந்தையார் பல்லாவரம் மலையில் கல் உடைத்தவர். அவருக்கு அது கருங்கல், அவ்வளவுதான். அக்கல்லுக்குச் 'சார்னோக்கைட்' என்றொரு பெயர் உண்டென்பதைப் புவியமைப்பியல் மாணவனாக 1994-இல் சேர்ந்தபின்தான் நான் அறிந்தேன். அன்று மாலையே பெருமையுடன் அவரிடம் சொன்னேன். "யாருடா அவன்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. ஜாப் சார்னாக் கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர்; 1690-களில் வங்கத்தில் இறந்தார். கல்கத்தா செயிண்ட் ஜான் தேவாலய வளாகத்தில் அவரது கல்லறை உள்ளது. அதில் பதித்த கரும்பலகை வங்கத்து வண்டல் மண்ணில் கிடைக்கக்கூடியதன்று. 1893-இல் தாமஸ் ஹாலந்து அதனை ஆராய்ந்து, பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிக் கல்லோடு அது ஒத்திருப்பதைக் கண்டார். புதையுண்டவரின் பெயரையே கல்லுக்குச் சூட்டினார். கல்கத்தாவை நிறுவியவர் சார்னாக் அல்லர் என்று 2003-இல் அந்நகர உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்லின் பெயரை மட்டும் எவரும் மாற்றவில்லை!

கடைத்தெருவில் இதனைக் 'கிரானைட்' என்றே விற்கிறார்கள். குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் இரண்டிலும் உண்டு. ஆனால் இதில் ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமமும் இருக்கிறது. மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் வைத்து மேடையைத் திருப்பினால் அக்கனிமம் வெளிர் சிவப்பிலிருந்து வெளிர் பச்சைக்கு நிறம் மாறும். முதன்முறை பார்ப்பவர் மறக்கமாட்டார். புவியோட்டின் ஆழத்தில், ஏறத்தாழ 800 டிகிரி வெப்பத்தில், நீர் மிகக் குறைந்த சூழலில் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான கல் இது. நீலகிரியும் சேர்வராயன் மலையும் பெரும்பகுதி இக்கல்லே. மணிகள் ஒன்றையொன்று கவ்விக் கிடப்பதால் நீர் எளிதில் உட்புகாது. ஆகவே அடித்தளத்துக்கும் தூணுக்கும் படிக்கட்டுக்கும் ஏற்றது. அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் அப்படியே. சாலைக்கும் தண்டவாளத்துக்கும் ஜல்லியாகப் போனதுதான் மிகுதி. பல்லாவரத்தில் மகேந்திரவர்மன் குடைவித்த குகையும் இம்மலையில்தான் உள்ளது.

நுண்ணோக்கி இல்லாமலே தந்தையாருக்குக் கல் தெரியும். கோடு போட்டாற்போல் வரிசையாகக் குழி அடித்து, இரும்பு ஆப்புகளைச் செருகி, ஒன்றன்பின் ஒன்றாகச் சம்மட்டியால் தட்டுவார். கணீரென்ற ஒலி கேட்கும்வரை கல் முழுமையாக இருக்கிறது. ஒலி மங்கினால் உள்ளே பிளவு ஓடிவிட்டது. அப்போது காலை நகர்த்திக்கொள்ள வேண்டும். வானிலை தின்ற பழுப்புக் கல்லை, வெங்காயம்போல் தோல் உரியும் என்று சொல்லி ஒதுக்கிவிடுவார். நான் தேர்வில் எழுதிய விடையும் அதுதான்.

அவர் அறியாதது ஒன்று உண்டு. கல்லுக்கு உறுதியளிக்கும் அந்தக் குவார்ட்ஸே தூளானால் நுரையீரலில் தங்கி, அதனைத் தழும்பாக்கிவிடும். சிலிக்கோசிஸ் என்பது இதன் பெயர். தழும்பேறியபின் மாற்ற மருந்தில்லை. காசநோய் என்றே தந்தையாருக்கு இரண்டாண்டுகள் மாத்திரை கொடுத்தார்கள். தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து மூக்கில் சுற்றிக்கொள்வதுதான் அவர் அறிந்த ஒரே காப்பு. அந்தத் தூசுக்கு அது வலை போட்டுக் காற்றைப் பிடிப்பது போன்றது. பாடப்புத்தகத்தில் சிலிக்காவின் கடினத்தன்மைக்கு ஏழு என்று எண் படித்த எனக்கும் அவருடைய இருமலை அதனோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. 2001-இல் அவர் காலமானார்.

அவ்வட்டாரக் குவாரிகள் பல இன்று நீர் நிரம்பிய குட்டைகள். 2017 வறட்சியில் மாங்காடு அருகே சிக்கராயபுரத்துக் குவாரி நீரைச் சுத்திகரித்துச் சென்னைக்குக் குடிநீராக அனுப்பினார்கள்.

நம் துறையின் கல் அறுக்கும் எந்திரத்தை நீர் ஓடாமல் இயக்க நான் எவரையும் விடுவதில்லை. சீவல் எடுக்க நேரமாகிறதென்று மாணவர்கள் முணுமுணுப்பதுண்டு. முணுமுணுக்கட்டும், குழாயைத் திறந்துவிட்டுத்தான் விசையைப் போட வேண்டும்.