பனிநிலத்தின் வரவு செலவு

(மூன்றாம் ஆண்டு, இன்ஸ்ட்ருமெண்டேஷன் பிரிவு)



நம் திருத்தணி மலைக்கு 365 படிகள். ஆண்டுக்கும் 365 நாட்கள். அந்தப் படிகளின் அடிவாரத்தில்தான் என் அம்மா பூ விற்கிறார். ஆடிக் கிருத்திகையும், டிசம்பர் 31 படித் திருவிழாவும்தான் எங்கள் வீட்டுக்குப் பெரிய வரவு. அந்தச் சில நாட்களில் வருவதை வைத்துத்தான் மற்ற மாதங்களை ஓட்ட வேண்டும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான் என்பதால் கணக்கு நோட்டு எழுதுவதும் என் பொறுப்பு.

நூலகத்தில் தூந்திரப் பிரதேசத்தைப் பற்றிப் படித்துவிட்டு ஒருநாள் வீட்டில் சொன்னேன். "அந்தப் பனிக்கும் நமக்கும் இன்னாடா சம்பந்தம்?" என்றார் அம்மா. பதில் சொல்ல எனக்குக் கைகொடுத்தது அந்தக் கணக்கு நோட்டுதான். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

நிலம் விடும் மூச்சு

பகலில் செடிகள் சூரிய ஒளியைக் கொண்டு கரியமில வாயுவை உள்ளிழுத்து உணவு தயாரிக்கின்றன. இது வரவு. செடிகள் சுவாசிக்கும்போதும், உதிர்ந்த இலைகளை மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் மட்கச் செய்யும்போதும் அதே வாயு வெளியேறுகிறது. இது செலவு. வரவில் செலவு போக எஞ்சுவதுதான் ஒரு காட்டின் சேமிப்பு.

மண் மூச்சு விடுமா என்று சந்தேகப்படுபவர்கள் நான் செய்த சோதனையைச் செய்து பாருங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளிய வைத்து, இரண்டு கிண்ணங்களில் ஊற்றினேன். ஒன்றை எருக்குழி ஓரத்து மண்ணிலும், மற்றொன்றைக் கருங்கல் மீதும் வைத்து, இரண்டையும் வாளியால் கவிழ்த்து மூடினேன். காலையில் பார்த்தால் கல் மேலிருந்த கிண்ணத்தில் லேசான ஆடை மட்டுமே. மண் மேலிருந்ததில் கெட்டியாக வெள்ளை ஏடு! மண்ணிலிருந்து வந்த கரியமில வாயு சுண்ணாம்பு நீரைக் கால்சியம் கார்பனேட்டாக மாற்றியிருந்தது.

இரும்புப் பெட்டி

தூந்திரத்தில் செடிகள் வளரும் காலம் ஆண்டில் இரண்டு, மூன்று மாதம்தான். வரவு குறைவு. ஆனாலும் அங்கே சேமிப்பு அதிகம். காரணம் குளிர். மண் ஈரமாகவும் உறைந்தும் கிடப்பதால் நுண்ணுயிரிகளால் வேகமாக வேலை செய்ய முடியாது. செத்த வேரும் பாசியும் மட்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்துகொண்டே வந்திருக்கின்றன. வடதுருவப் பகுதிகளின் நிரந்தர உறைமண்ணில் சுமார் 1,40,000 கோடி முதல் 1,60,000 கோடி டன் வரை கார்பன் இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். இது காற்று மண்டலத்தில் உள்ள கார்பனைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு!

தூந்திரத்துக்குத் தெற்கே ரஷ்யாவிலும் கனடாவிலும் பரவியிருப்பது டைகா என்னும் ஊசியிலைக் காடு. சார்லஸ் கீலிங் என்ற விஞ்ஞானி 1958 முதல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் காற்றை அளந்து வரைந்த கோடு ரம்பப் பல்லைப் போல ஏறி இறங்குகிறது. வடபகுதித் தாவரங்கள் கோடையில் இழுப்பதும் குளிரில் விடுவதும்தான் அந்தப் பற்கள். ஆனால் ரம்பமே ஆண்டுக்காண்டு மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. அன்று பத்து லட்சத்தில் 315 பங்கு. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது.

நம் ஊட்டியிலும் உண்டு

இதெல்லாம் எங்கோ இருக்கும் சங்கதி என்று நினைக்க வேண்டாம். உதகமண்டலத்தில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும். அங்கே மலைகளுக்கு இடையிலுள்ள சதுப்புகளில், நீரில் மூழ்கி மட்காத தழைகள் 'பீட்' என்னும் கரிமண்ணாகப் படிந்துள்ளன. ஆர். சுகுமார், ஆர். ரமேஷ் ஆகியோர் அடங்கிய இந்திய விஞ்ஞானிகள் குழு இந்த மண்ணை ஆராய்ந்து 1993-ல் 'நேச்சர்' இதழில் கட்டுரை வெளியிட்டது. மரங்களும் வெப்பமண்டலப் புற்களும் கார்பன்-13 அணுவை வெவ்வேறு அளவில் ஏற்கின்றன. அதை வைத்தே, எந்தக் காலத்தில் சோலைக்காடு ஓங்கியது, எப்போது புல்வெளி ஓங்கியது என்று சுமார் 20,000 ஆண்டுகளின் கதையைச் சொல்லிவிட்டார்கள். அந்தச் சதுப்பின் நீரை வடித்தால் காற்றுப் புகும், மட்கல் தொடங்கும், சேமிப்பு கரையும். தூந்திரத்தைக் காப்பது குளிர் என்றால், ஊட்டிச் சதுப்பைக் காப்பது தண்ணீர்.

நம் துறையின் பங்கு

ஒரு காட்டின் மூச்சை எப்படி அளப்பது? மரங்களுக்கு மேலே உயரும் கோபுரத்தில் இரண்டு கருவிகள். ஒன்று, ஒலி அலை போய்ச் சேரும் நேரத்தைக் கொண்டு காற்றின் வேகத்தை அளப்பது. மற்றொன்று, அகச்சிவப்புக் கதிரில் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்த்துக் கரியமில வாயுவை அளப்பது. வினாடிக்குப் பத்து, இருபது முறை இரண்டையும் சேர்த்துப் பதிவு செய்வார்கள். மேலே போகும் காற்றில் வாயு அதிகமா, கீழே வரும் காற்றில் அதிகமா? கூட்டிக் கழித்தால் விடை வந்துவிடும். நம் பிச்சாவரம் அலையாத்திக் காட்டிலும் இப்படி அளந்திருக்கிறார்கள். லேபில் நாம் சலித்துக்கொண்டே செய்கிற காலிபரேஷன் இங்கே பிசகினால், வரவு செலவாகத் தெரியும்!

முதலுக்கே மோசம்

இப்போது அந்தக் கணக்குதான் மாறிக்கொண்டிருக்கிறது. பூமி சூடேறுவதால் உறைமண் உருகுகிறது. விழித்துக்கொண்ட நுண்ணுயிரிகள் பழைய சேமிப்பைத் தின்று கரியமில வாயுவையும் மீத்தேனையும் விடுகின்றன. 2023-ல் கனடாவில் காட்டுத்தீயில் எரிந்த பரப்பு நம் தமிழ்நாட்டின் பரப்பைவிடப் பெரியது. காட்டுத்தீயையும் கணக்கில் சேர்த்தால், ஆர்க்டிக் தூந்திரம் இன்று வாங்குவதைவிட அதிகமாக வெளியிடுகிறது என்று அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பின் 2024-ஆம் ஆண்டு ஆர்க்டிக் அறிக்கை கூறியது.

போன வருஷம் அப்பா மூட்டை தூக்கும்போது முதுகு பிடித்து மூன்று மாதம் படுத்துவிட்டார். வரவு நின்றது, செலவு நிற்கவில்லை. டிரங்குப் பெட்டியில் இருந்த பாட்டியின் கம்மல் அடகுக் கடைக்குப் போனது. அன்றைக்கு நோட்டில் அதை எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பணம் கைக்கு வந்ததென்னவோ உண்மை. ஆனால் அது வரவு அல்ல. "முதலுக்கே மோசம் வந்துட்ச்சி" என்றார் அம்மா.

தூந்திரத்தின் கதையை இந்தக் கம்மலை வைத்துத்தான் அம்மாவுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் பூ கட்டினார். பிறகு, "நம்ம கம்மலுக்காவது சீட்டு கீது. அதுக்கு?" என்றார்.

உறைமண்ணுக்கு அடகுச் சீட்டு கிடையாது நண்பர்களே. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்ததை, நாலு மரக்கன்று நட்டு ஒரே தலைமுறையில் மீட்க முடியாது. மரம் நடுவோம், நல்லதுதான். ஆனால் இருக்கிற சதுப்பையும் காட்டையும் கலைக்காமல் விடுவதும், நிலக்கரி, பெட்ரோல் புகையைக் குறைப்பதும் அதைவிட அவசரம். அந்தக் கணக்கைச் சரியாக அளந்து சொல்ல ஆட்கள் வேண்டும். அது நம் படிப்பு; நாம் செய்யக்கூடிய வேலை.