கல்லறையில் பின்னிய கொடிகள்

கேள்வி: அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப் பாடல்கள் எங்கிருந்து வந்தன? அவற்றில் கல்லறை ரோஜா எதைக் குறிக்கிறது?

பதில்: பழைய கதைப்பாடல்களில் பல, இங்கிலாந்து, ஸ்காட்லாந்துப் பகுதிகளிலிருந்து குடியேறியவர்கள் வாய்மொழியாகக் கொண்டுவந்தவை. ‘பார்பரா ஆலன்’ பாடலைக் கேட்டதை 1666-லேயே லண்டன்வாசி சாமுவேல் பீப்ஸ் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

அந்தப் பாடலில், சாகக் கிடக்கும் காதலனிடம் மனமிரங்காத பார்பரா, பிறகு துயரத்தில் தானும் மாய்கிறாள். அவன் கல்லறையில் ரோஜா, அவள் கல்லறையில் முட்செடி. இரண்டும் வளர்ந்து பின்னிக்கொள்கின்றன. வாழ்வில் கூடாதவர்கள் மண்ணுக்குமேல் கூடுகிறார்கள். அவள் காட்டிய கடுமைதான் முள்ளாக நிற்கிறது என்றும் கொள்ளலாம்.

1916–18இல் செசில் ஷார்ப்பும் மாட் கார்ப்பலஸும் மலையூர்களில் இத்தகைய பாடல்களைத் திரட்டினர். அவர்களுக்கு முன்பே தொகுக்கத் தொடங்கிய ஆலிவ் டேம் கேம்ப்பெல்லை மறக்கக் கூடாது.

கடல் கடந்ததில் இப்பாடல்களில் மாயம் குறைந்தது. பிரிட்டன் வடிவத்தில் ஒருவனின் மனைவியைக் கவர்ந்துசென்ற பேய்க்காதலன், அப்பலாச்சிய ‘ஹவுஸ் கார்ப்பென்டர்’ பாடலில் பெரும்பாலும் வெறும் பழைய காதலன்தான்.